பொருந்தினால் போதுமா?

- மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்



கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் நம்முடையது. இஞ்சினுக்கு எத்தனை பொருத்தம் பார்க்கிறோம்? போல்ட் ஓட்டை சேர்ந்ததா, நட்டு ஏறியதா, ஆச்சு! மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு அழகான காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லைப்ரரியில் பழைய ஆட்டோமொபைல் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போதுதான் 'டிரையம்ப் ஸ்டாக்' காரின் படத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து டிரையம்ப் கம்பெனி 1970-ல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார். வடிவம் தந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. நான்கு பேர் உட்காரலாம், மேற்கூரையை மடக்கலாம். உள்ளே 2,997 சி.சி. வி-8 இஞ்சின், 145 குதிரைச் சக்தி. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 1977-க்குள் உற்பத்தியே நின்றுபோனது. மொத்தம் விற்றது சுமார் 26,000 கார்கள்தான். காரணம், சூடு!

பிளாக் வார்ப்பிரும்பு. ஹெட் அலுமினியம். உடனே "அங்கேதான் தப்பு" என்று எழுந்து நிற்காதீர்கள். இரும்பு பிளாக் மேல் அலுமினிய ஹெட் மாட்டிய எத்தனையோ இஞ்சின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. ஆனால் இந்த ஜோடி சேர்ந்து வாழச் சில நிபந்தனைகள் உண்டு. நாம் படித்த கணக்கையே போட்டுப் பாருங்கள். 400 மி.மீ. நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, ஒரு அலுமினியத் துண்டு. இரண்டையும் 80 டிகிரி சூடேற்றுங்கள். இரும்பு சுமார் 0.35 மி.மீ. நீளும். அலுமினியம் 0.73 மி.மீ. நீளும். வித்தியாசம் 0.38 மி.மீ. பரீட்சைத் தாளில் இது ஒரு தசமப் புள்ளி சமாச்சாரம். ஆனால் ஃபீலர் கேஜில் அந்தத் தகட்டை எடுத்துத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு கனம் என்று தெரியும். ஒவ்வொரு தடவை இஞ்சின் சூடாகி ஆறும்போதும் நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும்.

ஸ்டாக்கில் அதோடு நிற்கவில்லை. ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட், போல்ட் எல்லாம் ஒரே திசையில் இறங்கவில்லை. ஒரு வரிசை நேராக, இன்னொரு வரிசை சாய்வாக. இறுக்கும்போதே ஹெட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். வாட்டர் பம்போ இஞ்சினின் உச்சியில், இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவில் இருந்தது. டிராஃபிக்கில் நின்று சூடேறிக் கொஞ்சம் தண்ணீர் வெளியேறிவிட்டால் போதும், மிச்சத் தண்ணீரின் மட்டம் பம்புக்குக் கீழே இறங்கிவிடும். பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், காற்றில்! ஹெட் கோணிக்கொள்ளும்.

இதைவிடக் கொடுமை பச்சைத் தண்ணீர். இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அதுவே ஒரு பேட்டரி செல். அரிபடுவது அலுமினியம். துருத் தடுப்பு மருந்து கலந்த கூலண்டை வருஷம் முழுக்க ஊற்ற வேண்டும். ஆனால் இது குளிர்காலச் சமாச்சாரம் என்றே பல உரிமையாளர்கள் நினைத்தார்கள், விற்பனைக் கடைக்காரர்களில் பலருக்கும் தெரியவில்லை. அரித்த துகள்கள் போய் ரேடியேட்டரை அடைத்தன. சில பிளாக்குகளில் வார்ப்பட மணலே தண்ணீர்ப் பாதையில் மிச்சமிருந்ததாம். டைமிங் செயினும் சீக்கிரமே தொய்ந்தது.

நொந்துபோன உரிமையாளர்கள் பலர் அந்த இஞ்சினையே தூக்கிப் போட்டுவிட்டு, ரோவர் கம்பெனியின் 3.5 லிட்டர் வி-8 இஞ்சினை மாட்டினார்கள். அது பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். வேடிக்கை என்னவென்றால், 1968 முதல் ரோவரும் டிரையம்பும் ஒரே பிரிட்டிஷ் லேலண்ட் குடும்பம்! பக்கத்து வீட்டில் நல்ல இஞ்சின் இருக்கும்போது ஏன் எடுக்கவில்லை? ஸ்டாக்கின் பானட்டுக்குள் அது அடங்காது என்று காரணம் சொல்லப்பட்டது. கார் சொந்தக்காரர்கள் அடக்கிக் காட்டினார்கள். ஆனால் அதுவும் சும்மா நடந்துவிடவில்லை. இஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, ரேடியேட்டர் என்று ஒன்றை மாற்றினால் அடுத்தது இழுத்தது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு கிளை உண்டு தோழர்களே! வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, 1961 முதல் டிரையம்பின் ஹெரால்டு காரை இங்கே செய்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு கார் விட்டார்கள். உடம்பு, இங்கிலாந்தில் அதே 3.5 லிட்டர் வி-8 சுமந்த ரோவர் காருடையது. இங்கே உள்ளே வைத்ததோ 1940-களில் பிறந்த வான்கார்டு இஞ்சினின் வழிவந்த 1,991 சி.சி. இஞ்சின். மாப்பிள்ளை உடம்புக்குத் தாத்தாவின் இருதயம்! 1988-க்குள் அந்தக் காரின் கதை முடிந்தது.

சரி, என் கதை.

போன வருஷம் இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு லாரி பட்டறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை கொடுத்து அனுப்பினாள். ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின், ஏழு மெயின் பேரிங் கேப். "கழட்டிக் கழுவி வை தம்பி" என்றார் மேஸ்திரி. கழட்டினேன். ஏழையும் ஒரே தட்டில் போட்டு டீசலில் கழுவி, பளபளவென்று அடுக்கி வைத்தேன். மேலே இருந்த நம்பர் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. எல்லாம் ஒரே மாதிரிதானே, கைக்கு வந்த வரிசையில் நானே மாட்டி டார்க் ரெஞ்சால் முறையாக இறுக்கியும் விட்டேன். 'இன்டர்சேஞ்சபிலிட்டி' கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் அல்லவா!

மேஸ்திரி வந்து கிராங்கைக் கையால் திருப்பினார். அசையவில்லை.

கேப்பைப் பிளாக்கில் முடுக்கி வைத்துத்தான் அந்தத் துளையைக் கடைகிறார்கள். ஒவ்வொரு கேப்பும் தன் இடத்துக்கு மட்டுமே சொந்தம். எண்ணெய் ஓட விடுகிற இடைவெளியோ மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். கைக்குத் தெரியாது. அஞ்சாம் வகுப்பு தாண்டாத அந்த மனிதர், கடைசல் கோடுகளை வெளிச்சத்தில் பார்த்தும் விரலால் தடவியும் அரை நாளில் ஏழையும் இடம் சேர்த்தார். வண்டிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு டிரிப்பை இழந்தார். மேஸ்திரி திட்டவில்லை. "டிப்ளமோ தம்பி, பரீட்சையில இதுக்கு எத்தினி மார்க்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

கோபம் எனக்கு என் மேலும் இருக்கிறது, நம் லேப் மேலும் இருக்கிறது. மூன்று வருஷத்தில் மைக்ரோமீட்டரை எத்தனை தடவை தொட்டோம்? பீரோவில் இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது. 'காணாமல் போய்விடும்' என்கிறார்கள். ஒரு இஞ்சினைச் சுற்றி நாற்பது பேர் நின்று, முன்வரிசை தலைகளைத்தான் பார்த்துவிட்டு வருகிறோம். ரெக்கார்டு நோட்டில் படம் மட்டும் ஜோர்! வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நம்மில் பலருக்கு ஆள் இல்லை. கற்றுக்கொண்டால் இங்கேதான்.

ஆகவே நம் சங்கம் கேன்டீன் வடையோடு இதையும் கேட்க வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு இஞ்சின் கொடுக்க முடியாது, புரிகிறது. காயலாங்கடையில் கிடக்கும் பழைய இஞ்சின் இரண்டு போதும். முறை வைத்து ஒவ்வொரு குழுவும் பிரிக்கட்டும், அளக்கட்டும், மாட்டட்டும், கையால் திருப்பிக் காட்டட்டும். திரும்பினால் மார்க், திரும்பாவிட்டால் மறுபடி பிரி.

மனு எழுதி ஹாஸ்டல் மெஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. பக்கத்திலேயே நூலில் பேனா கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து அதையும் யாரும் கழட்டிக்கொண்டு போகாதீர்கள்.