காணவில்லை என்பதால் கெட்டுவிட்டது என்றாகுமா?



நேற்று வரை நன்றாக இயங்கிய கணிப்பொறி இன்று திரையில் ஒன்றுமே காட்டவில்லை. பழுது பார்ப்பவர், "கிராபிக்ஸ் கார்டைக் காணவில்லை என்கிறது, புதிது வாங்கிவிடுங்கள்" என்கிறார். திருமணப் படங்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைக்கும் நம் வட்டார இளைஞர்க்கு இது பல மாத வருவாயை விழுங்கும் சொல்லாகும். ஆயின், காணவில்லை என்பது வேறு. கெட்டுவிட்டது என்பது வேறு. கோளாறு பிறிதோரிடத்தில் இருப்பின் புதிய கார்டும் அதே கதியையே அடையும். ஆகவே, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம்.

முதலாவது, திரையின் கேபிள். பெட்டியின் பின்புறத்தில் மதர்போர்டுக்குரிய துளைகளும் கார்டுக்குரிய துளைகளும் தனித்தனியே உள்ளன. பெட்டியை நகர்த்தித் தூசு துடைத்தபின் கேபிளை இடம் மாற்றிச் செருகிவிடுதல் எவ்வீட்டிலும் நிகழக்கூடியதே.

இரண்டாவது, மின்சாரம். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிக அளவாக 75 வாட். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து பெரும்பாலும் 6 அல்லது 8 முனைகள் கொண்ட தனி இணைப்பு உண்டு. அது தளர்ந்திருந்தால் கார்டு விழித்தெழாது.

மூன்றாவதே முக்கியமானது. கார்டின் விளிம்பில் இருபுறமும் சேர்த்து 164 தொடுமுனைகள் உள்ளன. இவை செம்பின்மேல் நிக்கலும், அதன்மேல் மெல்லிய பொன்முலாமும் பூசப்பெற்றவை. செம்பில் களிம்பேறும் என்பதைச் செட்டிநாட்டுப் பாத்திரங்களைத் துலக்கிய தாய்மார் நன்கறிவர். உலோக அரிப்பையும் முலாம் பூசுதலையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நமது காரைக்குடியிலேயே, வள்ளல் அழகப்பச் செட்டியார் ஈந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறக்கப்பெற்றது. பொன்னில் களிம்பேறாது என்பதாலேயே இம்முலாம். எனினும் தூசு படியலாம்; விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டலாம்; கனமான கார்டு நாளடைவில் ஒருபுறம் சாயலாம். முக்கியமான சில முனைகள் தொடாவிடினும் மதர்போர்டு கார்டை அறியாது.

எனவே மின்இணைப்பை முற்றிலும் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுக. பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தையும் நீக்குக. திருகாணியைக் கழற்றி, ஸ்லாட்டின் தாழ்ப்பாளை விடுவித்து, கார்டை நேராக எடுக்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் முனைகளை மென்மையாகத் துடைத்து, உலர்ந்தபின் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துக. புளியும் உப்புத்தாளும் இங்கே உதவா, பொன்முலாமே போய்விடும்.

நான்காவது, மென்பொருள். கணிப்பொறியில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இருப்பின், கேபிளை மதர்போர்டில் செருகி டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். கார்டின் பெயர் மஞ்சள் குறியுடன் காணப்பட்டால், பெரும்பாலும் டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுதல் பயன் தரும். பெயரே இல்லையெனில் இணைப்பு, மின்சாரம், பயாஸ் அமைப்பு, கார்டு ஆகிய நான்கில் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும்.

முடிவாக, நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் இக்கார்டைப் பொருத்திப் பார்க்க. அங்கு இயங்கினால் கார்டு குற்றமற்றது. மின்சாரம் போதிய அளவு கிடைத்தும் அங்கும் இயங்காவிடில் புதிது வாங்குவதில் பிழையில்லை.

இரு எச்சரிக்கைகள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க, அன்றேல் எது குணப்படுத்தியது என்பதை அறிய இயலாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்கலாகாது. மின்இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். கருகிய நாற்றம் வீசினால் அனைத்தையும் நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

அரை மணி நேரப் பொறுமை பல்லாயிரம் ரூபாயைக் காக்குமெனில், அப்பொறுமையை நம் இளைஞர்க்குப் பழக்குதல் பெற்றோர்க்கு நன்றன்றோ?