வெயில் இருக்கிறது, இடம் எங்கே?

கொண்டாப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் நிலவறையில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தொட்டிக்குக் காற்றூதும் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்கட்டணம் ஏறிவிட்டதால் இரவில் நிறுத்தி வைக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் சிலர் யோசனை சொன்னார்கள். நான் எதிர்த்தேன். காற்று நின்றால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நலியும். அரைகுறையாகச் சுத்தமான நீர் கால்வாய் வழியே ஏரிக்குப் போகும்.

வெளியே ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெயில் கொளுத்துகிறது. அந்த வெயிலைக் கொண்டே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறை ஒன்று உண்டு. ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அகலமான குட்டை வெட்டுவார்கள். மேல்மட்டத்தில் வளரும் பாசி, வெயிலில் ஆக்சிஜனை வெளியிடும். அதைக் கொண்டு பாக்டீரியா கழிவை அழிக்கும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கல்கத்தாவின் கிழக்கே கழிவுநீர்க் குளங்களில் மீன் வளர்ப்பதும் இந்த அடிப்படையில்தான். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்புநிலம் 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் குட்டையை ஊருக்குத் தக்கபடி கணக்கிட வேண்டும். ரயில்வேயில் இருந்தபோது, தெற்கே ஓர் ஊருக்குப் போட்ட வரைபடத்தை வடக்கே ஒரு காலனிக்கு அப்படியே எடுத்து வெட்டினோம். மே மாதத்தில் குட்டை பச்சைப் பசேலென்று இருந்தது. ஜனவரியில் நாற்றம் தாங்கவில்லை. குளிரிலும் மங்கிய வெயிலிலும் பாசி சோர்ந்துவிட்டது. அந்த வரைபடத்தில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

நம் நாட்டு வடிவமைப்புக் கையேடுகள் இதற்கு அட்சரேகைவாரியாக அளவு தருகின்றன. ஒரு ஹெக்டேர் குட்டை நாளொன்றுக்குத் தாங்கும் கழிவுச்சுமை குமரிமுனைப் பக்கம் 325 கிலோ, ஹைதராபாத்தில் சுமார் 265, டில்லியில் 200. தலைக்கு 45 கிராம் என்று வைத்தால், பத்தாயிரம் பேருக்குக் குமரியில் 1.4 ஹெக்டேரும், இங்கே 1.7 ஹெக்டேரும், டில்லியில் 2.25 ஹெக்டேரும் வேண்டும். மேகமூட்டம் மிகுந்த ஊரில் இதற்கும் மேலே வேண்டும். மே மாத வெயிலை நம்பி அளவைக் குறைக்கக் கூடாது. ஆண்டின் குளிர்ந்த மாதமே கணக்குக்கு ஆதாரம்.

கொசு வராதா என்பார்கள். கரைக்குக் கல் பதித்து, புல்லும் ஆகாயத்தாமரையும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரிதும் தடுக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேறும் வார வேண்டும். மெய்யான தடை நிலத்தின் விலைதான். இன்றைய கொண்டாப்பூரில் 1.7 ஹெக்டேர் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டுவதே நம் கடமை.

ஆனால் நகரம் இன்னும் வெளியே பரவிக்கொண்டிருக்கிறது. அங்கே மனை பிரிக்கும்போதே பூங்காவுக்கு இடம் விடுவதுபோலக் குட்டைக்கும் பள்ளமான பக்கத்தில் இடம் ஒதுக்க விதி வேண்டும். ஒதுக்காவிட்டால் இருக்கிற ஏரியே கழிவுக்குட்டை ஆகிவிடும். புறநகரில் மனை வாங்கும் நம் சங்கத்து அன்பர்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டுகிறேன்.