அழுத்து, பிடி, விடு



சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் அவ்வழியே இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழி கடந்தபோது, உறுதியாக நிற்க வேண்டிய பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. உடனே கியரைக் குறைத்து, வேகத்தைத் தணித்து, சாலையோரம் அகன்றிருந்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். பின் இருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். நெடுநேரம் காத்திருந்தபின் பெடல் மீண்டும் உறுதிப்பட்டது. முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

குற்றம் நம்முடையதே. அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் வகுத்த விதி. நம் கால் பெடலை அழுத்த, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. திரவம் எளிதில் சுருங்காது. காற்றோ ஆவியோ சுருங்கிவிடும். ஆகவே ஒரு குமிழி உள்ளே இருந்தாலும், நாம் மிதிக்கும் வலிமையின் ஒரு பகுதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. 'டாட் 3' வகைப் புதிய ஆயில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதியாது இருத்தல் வேண்டும். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்துவிட்டாலோ, அதற்கு விதிக்கப்பட்ட எல்லை 140 பாகைதான். ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுமாறு வண்டியின் கையேடு கூறியிருந்தது. நாம் ஐந்தாண்டு மாற்றவில்லை. போதாக்குறைக்கு, ஏறிய கியரிலேயே இறங்காமல், வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடி வந்தோம். சூடேறிய ஆயில் கொதித்துக் குமிழியிட்டதில் வியப்பில்லை.

வீடு திரும்பியதும், பழைய ஆயிலை நாமே மாற்றிக் காற்றையும் வெளியேற்றுவதென முடிவு செய்தோம். பட்டறைகளில் இதனை 'ஏர் எடுப்பது' என்பர். கல்லூரியில் பயிலும் மூத்த மகன் துணைக்கு வந்தான். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இருத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை நீட்டலாகாது. மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள கிண்ணத்தில் கையேடு குறிப்பிட்ட வகை ஆயிலையே, அன்று உடைத்த புது டப்பாவிலிருந்து நிரப்பினோம். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். நம் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடப்புறப் பின்சக்கரமே முதலாவது. அதன் பின்னேயுள்ள சிறு நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய குப்பிக்குள் மூழ்கவைத்தோம். மகன் பெடலை அழுத்தினான். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும், தேநீர் நிறத்தில் பழைய ஆயில் குமிழிகளுடன் வந்தது. மகிழ்ச்சியில் "சரி!" என்றோம். 'விடலாம்' எனப் பொருள்கொண்டு அவன் காலை எடுத்துவிட்டான். நிப்பிள் இன்னும் திறந்தே இருந்தது. வெளியேறிய குமிழிகள் மீண்டும் உள்ளே ஓடின.

"என்னடா இது!" என்று சீறினோம். "நீங்கள்தானே அப்பா சரி என்றீர்கள்?" என்றான் அவன். அவன் சொன்னதே நியாயம். இருவரும் அமர்ந்து மூன்று சொற்களை முடிவு செய்துகொண்டோம். "அழுத்து" என்றால் மெல்ல மிதிக்க வேண்டும். "பிடி" என்றால், பெடல் தாழ்ந்துகொண்டே போனாலும் காலை எடுக்கலாகாது. நிப்பிளை மூடிய பின்னரே "விடு". ஒவ்வொரு சொல்லையும் அவன் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்ததைச் செய்தோம். பழைய வண்டியாதலால், பெடல் தரைவரை சென்று உள்ரப்பர் கிழியாதிருக்க அதனடியில் ஒரு மரத்துண்டு வைத்தோம். ஐந்தாறு முறைக்கொரு தடவை கிண்ணத்தையும் நிரப்பினோம். அது வற்றினால் புதுக்காற்று புகுந்து, செய்ததெல்லாம் வீணாகும். தெளிந்த ஆயில் குமிழியின்றி வரும்வரை ஒவ்வொரு சக்கரமாக முடிக்க மாலையாயிற்று. பெடல் உறுதியாக நின்றது.

பெருமிதத்துடன் கை கழுவிக்கொண்டிருக்கையில் இல்லத்தரசியார் கேட்டார்: "நாளைக்கு இந்த வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவீர்களா?" உடனே பதில் சொல்ல இயலவில்லை. அந்தத் தயக்கமே போதிய விடையாக இருந்தது.

மறுநாள், தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரை வீட்டிற்கே அழைத்து வந்தோம். அவர் பெடலைப் பலமாக மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இடப்புறப் பின்சக்கரத்தில் விரல் ஈரமாயிற்று. "உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து இறுக்கியிருக்கிறீர்கள் சார். மற்றதெல்லாம் நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள்" என்று கூறி, அளவாக இறுக்கிக் காட்டினார். பின்னர் வளாகத்திற்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்த்தோம். அதன் பின்னரே வண்டி சாலைக்குச் சென்றது.

இவ்வேலையை வீட்டிலேயே செய்யலாமா என வாசகர்கள் கேட்கலாம். கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதன்முறை, அறிந்தவர் ஒருவர் சரிபார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டாம். துருவேறித் திரும்ப மறுக்கும் நிப்பிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏ.பி.எஸ். அமைப்புடைய வண்டிகள் சிலவற்றிற்குத் தனிக்கருவி தேவையாதலால், கையேட்டைப் பாராமல் தொட வேண்டாம். எங்கேனும் ஆயில் கசிந்தால், கசிவை நீக்காமல் காற்றை மட்டும் எடுப்பதில் பயனில்லை. பிரேக் ஆயில் நஞ்சு; வண்ணப்பூச்சையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுங்கள். கழிவு ஆயிலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்காதீர்கள். பிள்ளைகள் உள்ள வீடு இது.

உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை ஆண்டுகள் ஆயின? இன்று மாலையே கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். மலைப்பயணத்திற்கு நாள் குறிக்குமுன் பார்த்துவிடுங்கள்.