தனியாகப் போனாலும் இருவர்

ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றி 88 புத்தர் கோயில்கள். எல்லாவற்றையும் நடந்தே தரிசிக்க ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பலருக்கு 40 முதல் 50 நாள் ஆகிறது. இன்று பஸ்ஸிலும் காரிலும் போகிறவர்களே அதிகம்.

ஒற்றையாளாக நடப்பவரின் கோரைத் தொப்பியில் ‘இருவர் சேர்ந்து செல்கிறோம்’ என்று எழுதியிருக்கும். இரண்டாமவர், 774-இல் இதே தீவில் பிறந்த துறவி கோபோ தாய்ஷி. கையிலுள்ள தடிதான் அவர். அதனால் இரவு தங்குமிடத்தில் முதலில் தடியைக் கழுவ வேண்டும். தன் கால் வலியெல்லாம் பிறகுதான். பாலத்தின்மேல் தடியை ஊன்றக் கூடாது. கீழே தாய்ஷி தூங்கிக்கொண்டிருக்கலாமாம்!

வழியில் ஊர்க்காரர்கள் ஆரஞ்சுப் பழமோ தேநீரோ சில்லறையோ நீட்டுவார்கள். ‘ஒசெத்தாய்’ என்று பெயர். மறுப்பது மரியாதையில்லை, வாங்கியவர் தம் பெயர் எழுதிய சீட்டைப் பதிலுக்குத் தருவார். இதை நம்பிக் கைச்செலவே இல்லாமல் கிளம்புவது மட்டும் அநியாயம்.

தனிநடையைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. 23ஆம் கோயிலிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர், பெரும்பகுதி கடலோர நெடுஞ்சாலை. பாதையில் ஆங்காங்கே லாரிகள் விரையும் சுரங்கச் சாலைகளும் உண்டு. கால் சுளுக்கினால் தோள் கொடுக்க ஆளிருக்காது. ஒளிரும் பட்டையும் தங்குமிட முன்பதிவும் இல்லாமல் போவதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது.

ஒரே மூச்சில் முடிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. தவணை தவணையாக நடப்பதும் அங்கே வழக்கம்தான். லீவு கிடைக்காதவர்கள் தொகுஷிமா பகுதியின் முதல் 23 கோயில்களோடு தொடங்கலாம்.