பருத்த உடலிலும் சத்துப் பஞ்சம்

ஆங்கஸ் பார்பியேரி என்ற இளைஞர் 1965-இல் எடை குறைக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மருத்துவமனைக்கு வந்தார். அப்போது அவர் எடை சுமார் 207 கிலோ. சில நாள் பட்டினி என்று தொடங்கியது 382 நாட்களுக்கு நீண்டது. மருத்துவர்களின் கண்காணிப்பில் கலோரி இல்லாத பானங்களைக் குடித்தே 82 கிலோவுக்கு இறங்கினார். உடலில் சேர்ந்திருந்த கொழுப்புதான் ஓராண்டுக்கு மேல் அவருக்குச் சோறு போட்டது. ஆனாலும் ஈஸ்ட்டையும் வைட்டமின் மாத்திரைகளையும் மருத்துவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் பொட்டாசியமும் தர வேண்டியிருந்தது. (இதை யாரும் வீட்டில் முயலக் கூடாது. அந்தக் காலத்து நீண்ட பட்டினிச் சிகிச்சைகளில் உயிரிழந்தவர்களும் உண்டு.)

கொழுப்பில் கலோரி சேரும்; இரும்பும் துத்தநாகமும் பி வைட்டமின்களும் சேராது. இந்த எளிய உண்மை நம் சமூகத்துக்கு இன்னும் எட்டவில்லை. நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் களைப்பு, மூச்சிரைப்பு, முடி உதிர்வு, பாதத்தில் மதமதப்பு என்று எதைச் சொன்னாலும், “முதல்ல எடையைக் குறைங்க” என்பதே வீட்டிலும் மருத்துவரிடமும் கிடைக்கும் பதில். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் இரும்புச்சத்துக் குறைவோ பி12 குறைவோ காரணமாக இருக்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. ‘நன்றாகச் சாப்பிடுகிற உடம்பு’ என்ற முன்முடிவு பரிசோதனைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

குறைபாட்டுக்கு உணவு ஒரு காரணம். தீட்டிய அரிசி, பரோட்டா, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றால் வயிறு நிறையும். கீரை, பருப்பு, முட்டை, மீனுக்குத் தட்டில் இடம் குறையும். மலிவாகக் கிடைப்பதும் அந்த உணவுதான் என்பதால், தனிமனிதர் நாக்கின் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆனால், விஷயம் தட்டோடு முடிவதில்லை.

உடற்பருமன் உடலுக்குள் ஓயாத, மெல்லிய அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சி கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வாசலை அடைப்பது ஹெப்சிடினின் வேலை. அதனால் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் உரிய பலன் கிடைக்காமல் போகலாம். இதில் இன்னொரு சிக்கல்: இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அழற்சியில் தானாகவே உயரும். ஆகவே, இரும்பு வற்றியவரின் ஆய்வறிக்கையிலும் ‘இயல்பு’ என்றே அச்சாகி வரலாம். பெரியவர்களுக்கு 15 என்றிருக்கும் ஃபெரிட்டின் வரம்பை, அழற்சி இருந்தால் 70 ஆகக் கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது இதற்காகத்தான்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. கொழுப்புத் திசு அதிகமாக இருந்தால் அங்கேயே பெரிதும் தங்கிவிடும், ரத்தத்துக்குக் குறைவாகவே வரும். வைட்டமின் டி ஆய்வாளர் மைக்கேல் ஹோலிக்கின் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு புற ஊதாக் கதிர் பட்டும், பருமனானவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி உயர்வு மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவாக இருந்தது. வெயிலில் நின்றால் போதும் என்ற அறிவுரை இவர்களுக்குப் போதாது. பருமனானவர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு டி வைட்டமின் தேவைப்படலாம். போதாக்குறைக்கு, இவர்களில் பலர் சர்க்கரை நோய்க்காக நாள்பட எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பி12-ஐக் குறைக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது தலைக்கு மேல் வந்த வெள்ளம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இங்கு 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9. அதே வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். இரண்டும் இவ்வளவு பரவலாக இருக்கும்போது, பருமனும் ரத்தசோகையும் பல பெண்களின் உடலில் சேர்ந்தே இருக்கக்கூடும். நம் திட்டங்களோ இன்னும் ரத்தசோகையை ஒல்லியான உடலிலும், சர்க்கரை நோயைப் பருத்த உடலிலும் தேடிக்கொண்டிருக்கின்றன.

எடைக் குறைப்புச் சிகிச்சைகள் பெருகும் காலம் இது. இரைப்பை மாற்றுவழி அறுவையில், இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் உணவின் பாதையிலிருந்து விலக்கப்படுகிறது. அறுவைக்குப் பின் வாந்தி நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) இரண்டு, மூன்று வாரங்களிலேயே தீர்ந்துபோய் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மௌஞ்சாரோ போன்ற ஊசிகள் பசியை அடக்குகின்றன; குறைவாகச் சாப்பிடும்போது கலோரியோடு சத்துகளும் குறையும். ஏற்கெனவே வற்றிய உடலோடு இந்தச் சிகிச்சைகளுக்குள் நுழைவது ஆபத்து.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அரசு, கடுமையான உடற்பருமன் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின், இரும்பு, பி12, டி ஆகிய பரிசோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாக்க வேண்டும். மருத்துவர்களும் எடைக் குறைப்புக்கான ஊசியையோ அறுவையையோ பரிந்துரைக்கும் முன் இந்த அறிக்கைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால், நீங்கள் கேளுங்கள்.