துண்டில் எழுதிய மாத்திரைக்கு யார் காசு கொடுப்பது?

அரசாங்க வைத்தியசாலையின் வாசலில் எவரும் எம்மிடம் காசு கேட்பதில்லை. இது சும்மா கிடைத்த வரமன்று. 1931 இல் இந்நாட்டு மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் எண்பதாயிரம் பேரளவில் மாண்டனர். வாக்குக் கேட்டுக் கிராமத்துக்கு வந்தவர்களிடம் மக்கள் ஆசுப்பத்திரியைக் கேட்டார்கள். இலவச வைத்தியம் அப்படி வளர்ந்தது.

ஆயின் வாசலைத் தாண்டிய பின்னர் நடப்பது வேறு. "இது இங்கே இல்லை, வெளியில் எடுங்கள்" என்று ஒரு துண்டு எழுதித் தருகிறார்கள். பள்ளிவாசல்துறையிலும் சுற்றுக் கிராமங்களிலும் இந்தத் துண்டை அறியாத குடும்பம் குறைவு. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ போய்வர பஸ் காசு வேண்டும். கூட ஒருவர் போனால் வெங்காயத் தோட்டத்தில் அவருடைய நாட்கூலியும் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு கையில் துண்டு. ஒரு மாத மாத்திரைக்குக் காசு போதாமல் பத்து நாளைக்கு வாங்கி, ஒன்றுவிட்டு ஒருநாள் போடுகிறார்கள். இது அறியாமை என்று சிலர் ஏசுகிறார்கள். இது அறியாமையன்று, கணக்கு. அந்தக் கணக்கின் மீதியைப் பின்னர் பக்கவாதமாகவோ, புண் ஆறாமல் எடுக்கப்பட்ட காலாகவோ, பழுதான சிறுநீரகமாகவோ அதே குடும்பம்தான் கட்டுகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் இந்தக் கரைக்குத்தான் வந்தார்கள். மன்னாரில் சொந்த வயலில் நெல் அறுத்தவர் இங்கே பிறர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கினார். நிலம் உள்ளவனுக்கு நோய் வந்தால் ஒரு போக விளைச்சலைக் காட்டிக் கடன் கேட்கலாம். கூலிக்காரன் எதைக் காட்டுவான்? யுத்தம் முடிந்து 2009 இன் பின் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து அங்கும் இங்குமாக வாழ்கின்றன. அவர்களின் கிளினிக் கொப்பி ஓரிடத்திலும் வருத்தக்காரர் வேறோரிடத்திலுமாக இருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

சிறு கட்டணம் ஒன்றை அறவிட்டுச் சேவையைத் திருத்தினால் என்ன என்று கற்றவர்கள் கேட்கிறார்கள். இதை இந்நாடு செய்து பார்த்தது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். வருவோர் தொகை குறைந்தது. 1977 இல் அதைக் கைவிட்டார்கள். வராமற்போனவர்கள் சுகமாகிவிட்டார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

திருத்த வேண்டியது மருந்தின் விலையையும் அது வந்து சேரும் வழியையும். அதற்கும் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. எமது பேராசிரியர் சேனக பிபிலே அன்றே வழி காட்டினார். 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஒரே மருந்து பத்துக் கம்பனிப் பெயரில் பத்து விலைக்கு விற்பதை விட்டு, மருந்தின் பொதுப் பெயரில், உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கலாம் என்று செய்து காட்டினார். 1977 இல் அவர் மறைந்தார். பின்வந்த திறந்த சந்தையில் அந்த ஒழுங்கும் தளர்ந்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வர 2015 ஆயிற்று. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். 2022 இல் ரூபாய் சரிந்தபோது விலை மீண்டும் ஏறியது. வைத்தியசாலை அலுமாரிகளும் வெறுமையாயின.

மருந்து கொழும்பிலுள்ள வைத்திய வழங்கல் பிரிவிலிருந்து பிராந்தியக் களஞ்சியத்துக்கும், அங்கிருந்து வைத்தியசாலைக்கும் வருகிறது. தட்டுப்பாடு வந்தால் பெரிய வைத்தியசாலை வெளியில் வாங்கிச் சமாளிக்கும். கிராமத்துச் சிறிய வைத்தியசாலைக்கு அந்த வசதி குறைவு. ஆகவே எமது கோரிக்கை சிறியது. பிரஷர், சீனி, இருதயம், முட்டு ஆகிய நீண்டகால வருத்தங்களுக்குரிய மாத்திரைகள் கிட்டடி வைத்தியசாலையிலேயே மாதா மாதம், பதிவு எந்த மாவட்டத்தில் இருந்தாலும், கிடைக்க வேண்டும். துண்டு எழுதியே ஆக வேண்டுமாயின் பொதுப் பெயரை விளங்கும் எழுத்தில் எழுத வேண்டும். மருந்து உறையில் தமிழிலும் இருக்க வேண்டும்.

எம் பக்கத்திலும் வேலை உண்டு. பார்மசியில் "இதே மருந்து மலிவாக வேறு பெயரில் உண்டா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். வைத்தியர் எழுதாத சத்து சிரப் போத்தலுக்கு ஒரு நாட்கூலியைக் கொடுக்கவும் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம். முக்கியமாக, அந்தத் துண்டுகளை எறியாதீர்கள். மாதர் சங்கத்தில் ஒரு கொப்பி போட்டு, எந்தத் திகதியில் எந்த மருந்து இல்லை என்றார்கள், வெளியில் என்ன விலை கொடுத்தோம் என்று எழுதுங்கள். வாய்முறைப்பாட்டுக்கு "பார்ப்போம்" என்பதே பதிலாக வருகிறது. மூன்று மாதக் கொப்பியை வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் மேசையில் வைத்து, அதன் பிரதி ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் இன்னொன்றை மாகாண சபையின் சுகாதாரப் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.