கிராமம் ஒண்ணும் வளராத நகரம் இல்ல

லீவுக்கு ஊருக்கு வர்ற பசங்க லேப்டாப்புல நகரம் கட்டுற விளையாட்டு ஆடுறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். இந்த வகையில பேர் போனது 1989ல வந்த சிம்சிட்டி. அதுல கிராமம்ங்கிறது ஆட்டம் தொடங்குற இடம், அவ்வளவுதான். ஜனத்தொகை 2,000 ஆனா டவுன், 10,000 ஆனா நகரம், 50,000 ஆனா தலைநகரம், 1 லட்சத்துல மாநகரம், 5 லட்சத்துல பெருமாநகரம். 2015ல வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்லயும் இதே கதைதான். தலை எண்ணிக்கை ஏற ஏறத்தான் புதுப் புதுக் கட்டடம் திறக்கும். கிராமமாவே நின்னுட்டா, ஆடத் தெரியாதவன்னு அர்த்தம்.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்தப் பழைய சிம்சிட்டியில நிலத்தை மூணு விதமாத்தான் பிரிக்க முடியும்: வீடு, கடை, ஆலை. வயல் கிடையாது. சோறு எங்கேர்ந்து வருதுன்னு அந்த ஊர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

விளையாட்டு மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அதே கணக்கை நெஜ ஊர் மேல வைக்கிறப்பதான் வயிறு எரியுது. 2025 தொடக்கத்துல தமிழ்நாடு அரசு என்ன அறிவிச்சதுன்னு ஞாபகம் இருக்கா? 16 மாநகராட்சிகளோட 149 ஊராட்சிகள், 41 நகராட்சிகளோட 147 ஊராட்சிகள் சேர்ப்பு. பல ஊர்ல கிராம சபையிலயே எதிர்த்துத் தீர்மானம் போட்டாங்க. மனு குடுத்தாங்க, ரோட்டுல உக்காந்தாங்க. டிவியில அரை நிமிஷம் காட்டிட்டு, "வளர்ச்சியை ஏன் எதிர்க்கிறாங்க"ன்னு ஒரு கேள்வியோட முடிச்சுட்டாங்க.

எது வளர்ச்சி? மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஒரு ஊரை நகர்ப்புறம்னு சொல்ல மூணு அளவுகோல் இருக்கு. 5,000 பேர் இருக்கணும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்கணும். வேலை பாக்குற ஆம்பளைங்கள்ல 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழில்ல இருக்கணும். மூணாவதை இன்னொரு தடவை படிங்க. முக்கால்வாசிப் பேர் ஏரை விட்டாத்தான் அடுத்த படி. கிராமத்தைக் கீழ்ப்படின்னும் நகரத்தை மேல்படின்னும் நெனைக்கிறவன் கண்ணுக்கு, உழுறவன் குறைஞ்சா அது முன்னேற்றமாத்தான் தெரியும்.

எங்க பக்கத்து ஊர்கள் சின்னதா இருக்கிறதுக்குக் காரணம் தண்ணி. மேட்டூர் அணையோட சேர்த்து வெட்டின கல்லணைக் கால்வாயில 1934ல தண்ணி விட்டாங்க. புது ஆறுன்னு சொல்லுவோம். அதோட கடைமடை நாங்க. மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழிச்சுத்தான் பேராவூரணிப் பக்கம் தண்ணி எட்டிப் பார்க்கும். அதுவும் முறை வச்சுத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு முறை வந்தா ரெண்டு மணிக்கு மடையில நிக்கணும். வயலுக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம் இருந்தாத்தான் அது நடக்கும். "இப்பதான் பைக் இருக்கே"ன்னு கேப்பீங்க. பைக்ல போயிடலாம். ஆனா யார் வயல் பள்ளம், யார் வயல் மேடு, யாருக்கு முதல்ல விட்டா யாருக்குப் பாயும்னு பைக்குக்குத் தெரியாது. சில நூறு குடும்பம், ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுற அளவு. அதுதான் ஒரு வாய்க்காலைப் பங்கு போட்டுச் சண்டையில்லாம வாழுற அளவு.

நெஜமா ஒண்ணு சொல்றேன். 2018 நவம்பர் 16ல கஜா புயல் எங்க தென்னையெல்லாம் சாய்ச்சுப் போட்டுது. அடுத்த வருஷமே பேராவூரணி பெரிய குளத்தைத் தூர்வார இளைஞர்களும் விவசாயிகளும் இறங்கினாங்க. கைஃபான்னு கடைமடை விவசாயிகள் அமைப்பு. குளம் எங்களோடதுன்னு நெனைச்சதாலதான் அது நடந்துச்சு. எங்கயோ இருக்கிற ஆபீஸ்ல 40 வார்டுக்கு நடுவுல ஒரு ஃபைலா அது கிடந்திருந்தா, யார் மண்வெட்டி எடுத்திருப்பா?

நகராட்சியில சேர்ந்தா என்ன போகும்? முதல்ல கிராம சபை. ஓட்டு உள்ள யாரும் எழுந்து நின்னு கணக்குக் கேக்குற சபை அது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்ப மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேர்த்து வருஷத்துக்கு ஆறு தடவை. ரெண்டாவது கிராமப்புற வேலை உறுதித் திட்டம். அது கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். நிலமில்லாத குடும்பத்துல கோடையில அடுப்பு எரியுறதே அதாலதான். இதெல்லாம் போய், முழு ஊரும் ஒண்ணோ ரெண்டோ வார்டா சுருங்கிடும். வீட்டு வரி மட்டும் வளரும். அதுக்குப் பின்னாலயே வரப்புல கலர்க் கொடி நட்டு மனைப் பிரிக்க ஆள் வரும்.

"குடிதண்ணி, சாக்கடை, தெருவிளக்கு வேணாமா?"ன்னு கேக்குறது நியாயம். வேணும். கண்டிப்பா வேணும். அதுக்கு ஊரையே கலைக்கணும்னு எந்த ஊர் நியாயம்? ஊராட்சிக்குக் காசைக் குடுங்க, ஒரு இன்ஜினீயரைக் குடுங்க. பக்கத்து நாலு ஊராட்சி சேர்ந்து ஒரு குப்பைக் கிடங்கு நடத்தட்டும், ஒரு குடிநீர்த் திட்டம் நடத்தட்டும். வேலையைச் சேர்ந்து செய்யலாம். அதுக்காக ஊர்ப் பேரை அழிக்க வேண்டியதில்ல.

சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இருந்து இதைப் படிக்கிறவங்க கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். "எங்க ஊரும் கார்ப்பரேஷன் ஆயிடுச்சு"ன்னு செய்தி வந்தா உடனே கை தட்டிடாதீங்க. அந்த ஊர் கிராம சபை ஒத்துக்கிச்சான்னு ஒரு கேள்வி கேளுங்க. கிராம சபை ஒத்துக்காம ஒரு ஊராட்சியையும் சேர்க்கக் கூடாதுன்னு சட்டத்துல எழுதுற வரைக்கும் கேளுங்க. விளையாட்டுல ஊரை அழிச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆடலாம். இங்க மனை போட்ட வயலைத் திரும்ப வயலாக்க எந்தப் பட்டனும் கிடையாது.